தறிக்குழியும் வண்டிக் காற்றும்

மார்கழி விடியலில் ஆரணியிலிருந்து செய்யாறு வழியாகக் காஞ்சிபுரம் போகிற சாலையில் இரு சக்கர வண்டிக்காரர்களின் உடையைக் கவனித்தால் ஒரு விநோதம் தெரியும். தலையில் குரங்குக் குல்லா, கழுத்தைச் சுற்றி மஃப்ளர், சட்டைக்கு மேல் ஸ்வெட்டர், சிலருக்கு அதற்கும் மேலே ஒரு துப்பட்டி. இடுப்புக்குக் கீழே வேட்டியோ பேண்டோ, பாதத்தில் வெறும் ரப்பர் செருப்பு. தலைக்கு இத்தனை ஏற்பாடு செய்துகொண்டவர் காலை ஏன் காற்றுக்குக் கொடுத்தார் என்று கேட்டால் வழக்கமாக மூன்று பதில்கள் வரும். இது வெயில் நாடு, குளிரெல்லாம் இங்கே பொருட்டில்லை என்பது ஒன்று. ஷூ வாங்க வசதியில்லை என்பது இன்னொன்று. செருப்பே பழகிவிட்டது என்பது மூன்றாவது. மூன்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் இதே ஊரில், இதே மார்கழியில், தலைமுறை தலைமுறையாக வெறுங்காலோடு பட்டு நெய்தவர்களுக்குக் காலுறையும் கம்பளியும் தேவைப்படவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வண்டியில் ஏறியதும் பாதம் விறைக்கிறது. ஊரும் பருவமும் ஒன்றாக இருக்கக் காலின் நிலை மட்டும் மாறியது எப்படி என்ற கேள்விக்கு அந்த மூன்று பதில்களிலும் இடமில்லை. குளிர் எவ்வளவு என்பதைக் காட்டிலும் கால் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பதில்தான் விடை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆரணியின் தொழில் வரலாற்றைப் பாதத்தின் மட்டத்தில் வைத்துப் படித்தால் இது புலப்படும்.

முதலில் குழித்தறி. வீட்டின் முன்னறையிலோ தாழ்வாரத்திலோ தரையில் இரண்டு மூன்றடி ஆழத்துக்குக் குழி வெட்டியிருக்கும். நெய்பவர் குழியின் விளிம்பில் தரையோடு தரையாக உட்கார்ந்து இரு கால்களையும் உள்ளே தொங்கவிடுவார். நீட்டிய பாவு அவர் மடிக்கு நேரே வரும். நாடா ஓடுவதும் அச்சு அடிப்பதும் கண்ணுக்குத் தெரிகிற வேலை. கண்ணுக்குத் தெரியாமல் குழிக்குள் நடப்பது பாதி வேலை. ஒவ்வொரு ஊடை இழைக்கும் மிதிக்கட்டையை ஒரு கால் அழுத்த வேண்டும், மறு கால் விட வேண்டும். அப்போதுதான் விழுது ஏறி இறங்கிப் பாவு இரண்டாகப் பிரிந்து நாடாவுக்கு வழிவிடும். சேலையின் நீளம் முழுவதும் இழைக்கு இழை இந்த மிதி நடந்தாக வேண்டும். கெண்டைக்கால் தசை ஓயாமல் சுருங்கி விரிகிறது. தசை வேலை செய்யும்போது சூடு பிறக்கும், ரத்தமும் அங்கே தேடிப் போகும். குழியில் காற்று கிடையாது. மண்ணின் குணத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டடிக்குக் கீழே மண்ணுக்குப் பகல் வெப்பமும் எட்டாது, இரவுக் குளிரும் எட்டாது. நாள் முழுவதின் சராசரியை ஒட்டியே அது இருக்கும். விடியற்காலையில் வெளியே 18, 19 டிகிரியாக இறங்கினாலும் உலர்ந்த தறிக்குழியின் அடி அதைவிட இதமாகத்தான் இருக்கும். யாரும் காலைக் கதகதப்பாக வைக்கவென்று குழி வெட்டவில்லை. தரையை ஒட்டிய ஈரப்பதத்தில் இழை அறுபடாமல் இருக்கும், தறியை நிறுத்த உயரமான மரச்சட்டம் வேண்டியதில்லை என்பவையே காரணங்கள். ஆனாலும் காற்றை மறைத்து, மண்ணின் வெப்பத்தைத் தந்து, காலை அசைத்துக்கொண்டே இருக்கச் செய்த ஓர் இடம் வீட்டுக்குள்ளேயே அமைந்துவிட்டது.

தறிக்குழியை நான் சொர்க்கமாக வர்ணிப்பதாகத் தோன்றலாம். அப்படியில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் மேலே ஏறினால் குழியில் தண்ணீர் ஊறும். இறைத்துக் கொட்டினாலும் மறுபடி ஊறும். அந்த வாரங்களில் தறி நிற்கும், தறி நின்றால் கூலியும் நிற்கும். நீர் வடிந்த பிறகும் குழி உலர நாளாகும், ஈர மண்ணில் கால் வைத்து நெய்தவர்களுக்கு மூட்டுவலியும் சேற்றுப்புண்ணும் வந்தன. ஈரம் நெசவோடு பிறந்த சங்கடம். இன்று பட்டுக்குப் பெயர்போன ஆரணி 19ஆம் நூற்றாண்டில் மஸ்லினுக்குப் பெயர்போனது. அந்த மெல்லிய பருத்தி இழைக்கு ஈரக்காற்று பட்டைவிட அதிகமாகவே வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் லங்காஷயரிலும் கைத்தறிக்காரர்கள் இதே காரணத்துக்காக வீட்டின் நிலவறையில் தறி போட்டார்கள். அவர்களுக்குப் பின் வந்த ஆலைத் தொழிலாளர்கள் ஈரத் தரையைச் சமாளிக்க மரத்தில் அடி செய்த காலணி போட்டார்கள், அது அந்த வட்டாரத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. ஆரணியில் அப்படி ஒரு காலணி பிறக்கவில்லை. ஆண்டில் சில வாரம் நீடிக்கிற ஈரத்துக்காக ஒரு காலணி பிறப்பதில்லை. பிறந்திருந்தாலும் மிதிக்கட்டையின் மேல் வழுக்கியிருக்கும்.

தறியை விட்டு எழுந்த பிறகும் அந்தக் கால் சும்மா இருந்ததில்லை. கஞ்சி தோய்த்த பாவை விடியற்காலையில் தெருவின் நீளத்துக்கு நீட்டிக் கட்டி, இழைகளைப் பிரித்து ஒழுங்கு செய்யும் வேலை வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டும். ஆணும் பெண்ணும் பனி ஈரத் தரையில் முன்னும் பின்னுமாக நடந்தபடியே செய்த வேலை அது. பாதம் சில்லிட்டிருக்கும், ஆனால் விறைத்திருக்காது. நெய்த சேலையைக் கொண்டுபோவதும் நடையில்தான், இல்லாவிட்டால் மாட்டுவண்டியில். ரயில் இந்த ஊருக்கு வராததும் இந்தக் கதையில் ஒரு முக்கியமான சங்கதி. விழுப்புரம் – காட்பாடி பாதை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் போடப்பட்டபோது அது ஊரைத் தொடாமல் மேற்கே விலகிப் போயிற்று. களம்பூரில் உள்ள நிலையத்துக்கு 'ஆரணி ரோடு' என்று பெயர் வைத்ததோடு சரி. திண்டிவனத்திலிருந்து வந்தவாசி, செய்யாறு, ஆரணி, ஆற்காடு வழியாக நகரி போகும் புதிய பாதை இந்த நூற்றாண்டில் அறிவிக்கப்பட்டு ஆமை வேகத்தில் நகர்கிறது. ஆகவே ஒண்ணுபுரம், தேவிகாபுரம், முள்ளிப்பட்டு என்று சுற்றிலும் சிதறிக் கிடக்கும் நெசவு ஊர்களையும், ஆரணிக் கடைகளையும், காஞ்சிபுரத்து வியாபாரிகளையும் ஒன்றோடொன்று கட்டிவைத்தது சாலை ஒன்றே. அந்தச் சாலையில் முதலில் சைக்கிள் வந்தது. சைக்கிளுக்கும் தறிக்கும் பாதத்தைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடில்லை. இரண்டிலும் மிதித்தால்தான் வேலை நடக்கும். கேரியரில் சேலை மூட்டையைக் கட்டிக்கொண்டு பனியில் பத்து மைல் மிதித்தவருக்குக் காது வலித்திருக்கும், விரல் நொந்திருக்கும். கால் மட்டும் சூடாகவே இருந்திருக்கும்.

1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. இருவர் உட்காரக்கூடிய, விலை குறைந்த இந்தச் சிறிய வண்டி தமிழ்நாட்டின் சிற்றூர்களில் என்னவெல்லாம் மாற்றியது என்பதை யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். நெசவு வட்டாரத்துக்கு அது அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. இந்தத் தொழிலில் ஒரே சரக்கு பல வாசல்கள் ஏறி இறங்குகிறது. முதலாளி நூல் வாங்கி முறுக்கக் கொடுப்பார், முறுக்கியது சாயத்துக்குப் போகும், சாயம் ஏறியது பாவு ஓட்டுகிறவரிடம் போகும், பாவும் ஊடையும் சரிகையும் நெய்பவர் வீட்டுக்குப் போகும், இரண்டு மூன்று சேலை முடிந்ததும் சரக்கு திரும்பி வரும். ஒவ்வொன்றும் ஒரு பயணம். சரக்கின் எடை சொற்பம், மதிப்போ ஏராளம். பஸ்ஸில் கொண்டுபோகப் பயம், லாரிக்குத் தேவையில்லை. மொபெட் இந்த இடைவெளியில் வந்து உட்கார்ந்தது. அதில் பெடல் இருந்தது. ஆனால் கிளப்புவதற்குத்தான், ஓட்டுவதற்கு அல்ல. கிளம்பிய அரை நிமிடத்தில் காலின் வேலை முடிந்துவிடும். பிறகு வந்த எக்ஸெல் வண்டிகளில் அந்தப் பெடலும் போய்விட்டது. முன்னால் கால் வைக்கிற தட்டையான இடத்தில் மூட்டையை ஏற்றுவார்கள். பட்டு வியாபாரியானால் நூல் பை, ஆரணியின் மற்றொரு தொழிலான அரிசி வியாபாரத்தில் இருப்பவரானால் மூட்டை. சரக்குக்கு இடம் விட்டு, ஓட்டுகிறவரின் பாதங்கள் இரண்டு பக்கமும் அகன்று விளிம்புக்குப் போகும். அங்கே அசைவும் கிடையாது, மறைப்பும் கிடையாது. குழிக்குள் காற்றுப் படாமல் நாளெல்லாம் மிதித்த கால், காற்றின் நடுவே அசையாமல் நிற்க வேண்டியதாயிற்று. ஆரணிப் பாதத்துக்குக் குளிர் வந்தது இந்த இடத்தில்தான் என்பேன்.

இதற்கு உடனே வரும் மறுப்பு, 18 டிகிரியெல்லாம் ஒரு குளிரா என்பது. காகிதத்தில் நியாயமான கேள்விதான். குளிர்காற்று உடம்பிலிருந்து எவ்வளவு வெப்பத்தைப் பறிக்கிறது என்று அளந்து பார்த்தவர்களில் பெயர்பெற்றவர்கள் அமெரிக்கர்களான பால் சைப்பிளும் சார்ல்ஸ் பேசலும். 1941வாக்கில் அண்டார்டிகாவில் ஒரு சிறிய உருளையில் தண்ணீர் ஊற்றிக் காற்றில் தொங்கவிட்டு, அது உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கெடுத்தார்கள். அந்த ஆய்விலிருந்து வளர்ந்து இன்று வட அமெரிக்காவில் பயன்படும் அட்டவணை 10 டிகிரிக்குக் கீழேதான் பொருந்தும். அதாவது ஆரணியின் மார்கழிக்கு அதில் வரிசையே இல்லை. வரிசை இல்லை என்பதற்காக இயற்பியல் நம் ஊர் எல்லையில் நின்றுவிடாது. தோலை ஒட்டி உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகிற மெல்லிய காற்றுப் படலம் ஒன்று இருக்கும். அதுதான் நமக்கு முதல் ஆடை. வேகக் காற்று அதை உரித்துக்கொண்டே இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் வெப்ப இழப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். இருபதில் போகும் சைக்கிளுக்கும் அறுபதில் போகும் பைக்குக்கும் உள்ள தூரத்தை இதிலிருந்து கணித்துக்கொள்ளலாம். பனியில் பாதம் நனைந்திருந்தால் ஈரம் ஆவியாகும்போது மேலும் வெப்பத்தை எடுத்துப் போகும். பாதத்தில் தசை குறைவு, பரப்பு அதிகம், இதயத்திலிருந்து தூரமும் அதிகம். கைக்காவது கிளட்ச், பிரேக் என்று அவ்வப்போது வேலை உண்டு. இதெல்லாம் சமவெளிக் கணக்கு. போளூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறினால் நூறு மீட்டருக்குச் சுமார் 0.6 டிகிரி குறையும். அந்த மலைத்தொடரில் காவலூர் வானாய்வகம் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால், அடிவாரத்தில் 18 என்றிருப்பது மேலே 14, 15 ஆகிவிடும். பனிக்கடி வராது. விரல் மரத்துப் போய் பிரேக்கில் கால் இருக்கிறதா, எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாமல் போவதற்கு இது போதும், சாலையில் அதுதான் ஆபத்து.

இரண்டாவது விளக்கம் வசதியின்மை. இதை மேலோட்டமாக ஒப்புக்கொண்டு நகர்ந்துவிட முடியாது, ஏனென்றால் ஆரணி இருப்பது இந்தியாவின் தோல் தேசத்தில். 1989இல் பிரிக்கப்படும்வரை ஆரணியும் ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் ஒரே வட ஆர்க்காடு மாவட்டம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு மெட்ராஸ் மாகாணத்தில் பதனிட்ட மாட்டுத்தோலுக்கு லண்டன் சந்தையில் 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்று தனிப்பெயர் இருந்தது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸ் மேல்பாகத்துக்கு அந்தத் தோல் வேண்டியிருந்ததால் 1916இல் அரசாங்கமே அதன் ஏற்றுமதியைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அந்த பூட்ஸ் போய்ச் சேர்ந்த இடங்களில் பிரான்ஸின் பதுங்குகுழிகளும் உண்டு. 1914–15 குளிர்காலத்திலேயே அந்தக் குழிகளில் ஆயிரக்கணக்கான பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பாதம் வீங்கி, மரத்து, அழுகத் தொடங்கியிருந்தது. அதற்குப் பதுங்குகுழியின் பெயரையே நோய்ப்பெயராக வைத்தார்கள். ஈரத்தில், இறுக்கமான பூட்ஸுக்குள், மணிக்கணக்கில் அசையாமல் நின்றதே காரணம் என்று கண்டுகொண்ட ராணுவம், காலுறையை மாற்றுவது, பாதத்தைத் தேய்த்துவிட்டு எண்ணெய் பூசுவது, தினமும் காலைச் சோதிப்பது என்று விதிகள் போட்டது. வட ஆர்க்காட்டிலும் மனிதர்கள் குழிக்குள் கால் வைத்து வேலை செய்தார்கள், வெறுங்காலோடு. குளிரின் அளவில் இரண்டையும் ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் நல்ல தோலில் செய்த பூட்ஸ், அசையாத ஈரக் காலைக் காப்பாற்றவில்லை என்பது நம் கேள்விக்கு நேரடியான சாட்சியம். பிற்காலக் கதையும் சுருக்கமாக: 1972இல் சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பிறகு அரைகுறையாகப் பதனிட்ட தோலை அப்படியே அனுப்புவதற்குக் கட்டுப்பாடு வந்தது, ஆம்பூரும் ராணிப்பேட்டையும் ஷூவே செய்து ஐரோப்பாவுக்கு அனுப்பத் தொடங்கின. தோல் கழிவால் பாலாறு அதற்குக் கொடுத்த விலை 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புவரை போனது. இப்போது செய்யாறு சிப்காட்டிலேயே தைவானின் ஃபெங் டே குழுமத்து ஆலை நைக்கி ஷூ தயாரிக்கிறது. ஆயிரக்கணக்கான பெண்கள் சுற்று வட்டார ஊர்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் அங்கே வேலைக்குப் போகிறார்கள். நெசவை விட்டுப் பிள்ளைகள் போகும் வேலைகளில் அதுவும் ஒன்று. ஷூ கிடைக்காத ஊர் என்று இதைச் சொல்ல முடியாது. நைக்கி வேண்டாம், சந்தையில் சாதாரண கேன்வாஸ் ஷூ ஒரு நாள் கூலிக்குள் வாங்கலாம்.

பிறகு ஏன் போடுவதில்லை? பழக்கம் என்று சொல்லி முடித்துவிடுவது சோம்பேறித்தனமான பதில். பழக்கத்துக்கும் ஒரு காரணம் இருக்கும். பட்டு வியாபாரம் பாயில் நடக்கிற வியாபாரம். ஆரணியில் கடையென்று தனியாக இல்லாமல் வீட்டின் முன்கூடத்திலேயே சேலை விரித்துக் காட்டுகிறவர்கள் நிறைய. தறி இருக்கும் அறைக்குள் செருப்போடு யாரும் நுழைவதில்லை. அதில் பக்தி பாதி, தரைமட்டத்தில் நீண்டு கிடக்கும் பாவில் மண் ஒட்டக்கூடாதென்ற கவலை பாதி. காலையில் கிளம்பிப் பத்து வாசல் ஏறி இறங்குகிறவர் பத்து முறை கயிறு அவிழ்த்து, பத்து முறை கட்டி, நனைந்த காலுறையோடு பாயில் உட்கார வேண்டும். செருப்பு உதறிவிட்டால் போச்சு. தோல் என்ற பொருளின் மேலேயே இங்கே ஒரு மனத்தடை இருந்தது என்பதும் வரலாறு. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்ததற்கான காரணங்களில் புதிய தலைப்பாகையில் வைத்த தோல் பட்டையும் ஒன்று. இன்றைய வண்டிக்காரர் அதை நினைத்துக்கொண்டா செருப்புப் போடுகிறார் என்று யாரும் வாதாட மாட்டார்கள். வாசல் பழக்கம் ஒன்றே போதும். இயந்திரங்கள்கூட இந்தப் பழக்கத்தோடு ஒத்துப்போயின. நம் ஊர்ச் சாதாரண பைக்குகளின் கியர் லீவர் முன்னும் பின்னும் நீண்டிருக்கும், முன்னே விரலாலும் பின்னே குதிகாலாலும் அழுத்தினால் போதும். முன்பக்கம் மட்டும் லீவர் உள்ள வண்டியில் பாதத்தின் மேற்புறத்தால் தூக்க வேண்டும், அதற்கு ஷூ இருந்தால்தான் வலிக்காது. சட்டத்தைப் பாருங்கள். தலைக்கு ஹெல்மெட் வேண்டும் என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு சொல்கிறது. 1989 விதிகளில் 123ஆவது, பின்னால் உட்காருகிறவரின் உடை சக்கரத்தில் சிக்காமல் பாதிச் சக்கரத்தை மறைக்க வேண்டும் என்கிறது. ஆரணிச் சேலையைக் காப்பாற்றச் சட்டம் இருக்கிறது, அதைக் கட்டியவரின் காலைக் காற்றிலிருந்து மறைப்பது பற்றி அந்த விதியில் பேச்சில்லை.

செருப்பு இந்தத் தொழிலின் நியாயமான காலணி என்று ஒப்புக்கொண்டால், குளிருக்கான மருந்தை வண்டியில் தேடுவதுதான் முறை. வண்டி ஒரு காலத்தில் அதைக் கொடுத்தும் இருக்கிறது. 1946இல் இத்தாலியில் வெஸ்பா ஸ்கூட்டரை வடிவமைத்த கொராதினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். மோட்டார் சைக்கிளே அவருக்குப் பிடிக்காது. உடை அழுக்காகாமல், காலில் காற்றும் சேறும் படாமல் ஓட்ட வேண்டும் என்று முன்னால் அகலமான தகட்டை வைத்தார். அந்த மறைப்போடுதான் பஜாஜ் நம் ஊருக்கு வெஸ்பாவைக் கொண்டுவந்தது, 1972இல் சேத்தக் வந்தது. வேட்டி கட்டிய வாத்தியாரும் பட்டுக்கடை முதலாளியும் அந்தத் தகட்டுக்குப் பின்னால் பத்திரமாகக் காலை வைத்துக்கொண்டு போனார்கள். ஆனால் சேத்தக்குக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளம், விலையும் கூட. 1980களில் மொபெட்டும் அதன் பின்னாலேயே ஜப்பானியக் கூட்டில் வந்த நூறு சிசி பைக்குகளும் பெட்ரோல் மிச்சத்தைக் காட்டிச் சந்தையை எடுத்துக்கொண்டன. வட ஆர்க்காட்டிலேயே வண்டி செய்தார்கள். திருவொற்றியூரில் 1950களிலிருந்து புல்லட் செய்துவந்த என்ஃபீல்டு, ராணிப்பேட்டையில் இன்னொரு ஆலை வைத்துச் சில்வர் பிளஸ், எக்ஸ்புளோரர் போன்ற சிறுவண்டிகளை 1980களில் விட்டுப் பார்த்தது. அவை நிலைக்கவில்லை. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கேள்விக்கு முன்னால் காலின் சுகம் எடுபடவில்லை, அதில் தப்பும் சொல்ல முடியாது. கூலிக்கு நெய்பவர் குளிரைப் பொறுத்துக்கொள்வார், பெட்ரோல் விலையைப் பொறுக்க முடியாது. தகடு பரவலாகத் திரும்பி வந்தது 2000களின் தொடக்கத்தில், கியர் இல்லாத ஸ்கூட்டர்களோடு. அவற்றில் பல முக்கியமாகப் பெண்களுக்கு என்று விற்கப்பட்டன. அதனால் ஆரணிப் பக்கம் இன்று சுடிதார் போட்டு ஸ்கூட்டரில் போகிற பெண்ணின் பாதம் மறைப்பில் இருக்கிறது, அவளைக் கடந்து பைக்கில் விரைகிற அண்ணனின் பாதம் காற்றில் கிடக்கிறது.

குல்லா போட்டுச் செருப்போடு போகிறவரைப் பற்றிய கேலிக்கு இப்போது திரும்பலாம், ஏனென்றால் அந்தக் கேலி பாதி தப்பு. நெஞ்சும் தலையும் குளிர்ந்தால் உடம்பு முதலில் கைகால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். உள்ளுறுப்புகளைக் காப்பாற்றுவதுதான் அதற்கு முக்கியம், விரல்கள் பிறகு. ஆகவே மார்பையும் கழுத்தையும் கதகதப்பாக மூடிக்கொண்டவருக்கு, மூடாத பாதத்துக்கும் கொஞ்சம் சூடு போய்ச் சேருகிறது. சட்டைக்குள் செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டு ஓட்டுகிற பழைய வழக்கத்திலும் இதே சூத்திரம்தான் இருக்கிறது. குல்லாக்காரரின் குறை காற்றைக் காலில் நிறுத்தாததே. கம்பளிக் காலுறை இரண்டு போட்டு ஷூவுக்குள் திணித்தால் இறுகி ரத்த ஓட்டம் குறையும், பிரான்ஸில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு நேர்ந்ததின் சிறிய பதிப்பாகும் அது. பிளாஸ்டிக் பையை வெறும் பாதத்தில் கட்டிக்கொண்டால் காற்று நிற்கும், ஆனால் அரை மணியில் வியர்வை உள்ளேயே தங்கி ஈரம் சேரும். மெல்லிய காலுறைக்கு மேலே பையைப் போட்டு, அதற்கும் மேல் தளர்வான காலணி என்றால் தேவலை. பெருவிரல் தனியாகப் பிரிந்த காலுறை செருப்போடும் போகும், வாசலில் கழற்றவும் சுலபம். இதைவிடச் சிக்கனமானது வண்டியின் கிராஷ் கார்டில் ரப்பர் ஷீட்டோ தார்ப்பாயோ கட்டி பாதத்துக்கு முன்னால் ஒரு திரை போடுவது. தூரம் போகிறவர் நடுவில் ஒரு டீக்கடையில் நிறுத்திப் பத்து நிமிடம் நடந்தால் மற்ற எல்லாவற்றையும் விட அது அதிகம் செய்யும். தறியிலும் சைக்கிளிலும் கேட்காமலே கிடைத்துக்கொண்டிருந்த அசைவை இப்போது தனியாக ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது.

இந்த வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடிய கடைசி விஷயம் தறியிலிருந்தே வருகிறது. ஜக்கார்டு வந்த பிறகு மிதியின் பளு கூடிற்று, கனமான டிசைன் பெட்டியைக் காலால் தூக்கித் தூக்கி முழங்காலும் இடுப்பும் போனவர்கள் பலர். அவர்களிடம் போய், காலுக்கு வேலை இருந்தது நல்லது என்று சொல்வது வெளியிலிருந்து பார்க்கிறவனின் வசதியான பேச்சு. அதை மறுக்க மாட்டேன். அசைவு காலைச் சூடாக வைத்தது என்பது ஒரு கணக்கு, அந்த அசைவு உடம்பைத் தேய்த்தது என்பது வேறு கணக்கு, இரண்டையும் ஒன்றால் ஒன்று அடித்துவிட முடியாது. இப்போது ஜக்கார்டைத் தூக்க மின்மோட்டார் பொருத்திய தறிகள் வந்திருக்கின்றன, வயதானவர்கள் அவற்றால்தான் இன்னும் சில ஆண்டு நெய்ய முடிகிறது. விசைத்தறிக் கொட்டகைகளில் குழியே கிடையாது. சிமெண்டுத் தரையில் நின்றபடி, தானாக ஓடும் தறிகளில் எந்த இழை அறுந்தது என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. தை மாத இரவு ஷிப்டில் அங்கே நிற்பவர் சாக்குப் பையை விரித்து அதன் மேல் நிற்கிறார், ஷிப்டு முடிந்ததும் வெளியே நிறுத்திய பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு சேவூர்ப் பக்கமோ தேவிகாபுரம் பக்கமோ போகிறார்.